தலைக்கு எண்ணெய் வைத்த ஒருசந்தி

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
27-2-67

அன்பு மகள் செசிலிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் நைனாவும் முட்டையிடாத அந்தக் கருப்புக் கோழியும் சௌக்கியம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு தடவை தங்காமல் போனதை நினைத்து அழாதே, தண்ணீர்க்குடம் தூக்காதே. உனக்காகத் தினமும் மூன்று ஜெபமாலை சொல்கிறேன், அதை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, பக்கத்து வீட்டுக் கமலாம்பாளிடம் மட்டும் சொன்னேன், அவள் தெரு முழுக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்.

உன் நைனா கதையைக் கேள். விபூதிப் புதன் வந்து தபசு காலம் தொடங்கினால் அவர் ஆடுகிற ஆட்டம் உனக்குத் தெரியாததா. சாமியார் நெற்றியில் வைத்த சாம்பலை ஞாயிறு வரைக்கும் கழுவ மாட்டார், ஒருசந்தி என்று ஒருவேளைச் சோற்றை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் இருக்கிற நம் சைக்கிள் கடையில் ஊரே பார்க்கிற மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஞ்சத்தில் அடிபட்டவர் போல உட்கார்ந்திருப்பார். போன வருஷம் மளிகைக்கடை பொன்னுசாமி, இன்னாய்யா நெத்தியில துன்னூறு, நம்ம பக்கம் வந்துட்டியா என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். இந்த வருஷம் பூசை தமிழில் ஆகிவிட்டது அல்லவா, சாமியார் சுவிசேஷம் வாசித்தார், ஒருசந்தி இருக்கிறவன் ஊர் பார்க்க மூஞ்சியைத் தொங்கப்போடாதே, தலைக்கு எண்ணெய் வை, முகத்தைக் கழுவு, யாருக்கும் தெரியாமல் இருந்தால்தான் பிதா பலன் கொடுப்பார் என்று சேசுநாதரே சொல்லியிருக்கிறாராம்! இத்தனை வருஷம் இதையே லத்தீனில் வாசித்தபோது இவர் பக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன், மனுஷன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் நெற்றியைத் தேய்த்துக் கழுவினார். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு, மீசைக்குக்கூட எண்ணெய். அதற்கப்புறம், கடையில் வேலை ஜாஸ்தி, மத்தியானம் ஓட்டலில் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தார். தபசு காலத்தில் ஓட்டல் சோறா! எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே ஓட்டல்காரர் கோதண்டராமனிடம் போய், நல்ல மனுஷனைக் கெடுக்கிறாயே என்று கத்திவிட்டேன். அவர், இன்னாக்கா, அண்ணன் இங்க எங்க சாப்டுது, மத்தியானமானா கடைய சாத்திக்கினு உங்க கோயில் பக்கந்தான் போவுது என்றார். போய்ப் பார்த்தேன். கோயிலில் ஈ காக்கை இல்லை. உன் நைனா முட்டி போட்டுக்கொண்டு, ஆண்டவரே, எம்பொண்ணுக்கு இந்தத் தபாவாவது கொயந்தயக் குடுத்துரு, பசிய நான் தாங்கிக்கிறேன், அவ இன்னொரு தபா தாங்க மாட்டா என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது செசிலி, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

எனக்குத் தெரிந்துபோனது அவருக்குத் தெரிந்தால், ஐயோ பலன் போச்சே என்று இடிந்துபோவார். அதனால் ஓட்டல் ருசி கண்ட நாக்கு என்று தினமும் திட்டுகிறேன், ராத்திரிச் சோற்றில் நெய்யைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுகிறேன், அவரும் திட்டு வாங்கிக்கொண்டு மீசையைத் தடவுகிறார்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னையும் உன் வயிற்றையும் காப்பாற்றுவாள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு. நைனாவுக்குத் தனியாக எழுதும்போது, தபசு காலத்தில் ஓட்டலில் சாப்பிடுகிறீர்களாமே, வெட்கமாக இல்லையா என்று நன்றாகத் திட்டி எழுது. சந்தோஷப்படுவார்.

இப்படிக்கு உன் அம்மா,
மதலேனம்மாள்