கண்டிப் பயணம் இண்டைக்கு இல்லை

இஞ்சேருங்கோ,

புட்டும் முட்டைப் பொரியலும் மூடி வைச்சிருக்கிறன். சாப்பிட்டுப்போட்டு இதை வாசியுங்கோ, இல்லாட்டிக் கோபத்திலை சாப்பிடமாட்டியள்.

லொறியிலை ஒழுகிறது றேடியேற்றர் இல்லை. ரெண்டு தரம் ஈயம் பத்தவைச்சும் தண்ணி குறையுது எண்டால் வேறை இடம் பாக்க வேண்டாமே? நேற்றுப் பின்னேரம் நீங்கள் தண்ணி நிரப்பின பிறகு, கீழை பழைய பேப்பர் விரிச்சு வைச்சனான். விடியப் பாத்தால் றேடியேற்றருக்கு நேர் கீழை பேப்பர் காய்ஞ்சு கிடக்கு. காத்தாடிக்குப் பின்னாலை, தண்ணிப் பம்புக்கு நேரைதான் துருத்தண்ணி ஊறியிருக்கு. இதைத்தானே போன கிழமையும் சொன்னனான். "நீர் வகுப்பிலை படிப்பியும், லொறியை நான் பாக்கிறன்" எண்டு உங்கடை தங்கச்சி பூரணத்துக்கு முன்னாலை சொன்னியள். பிறகு கண்டி றோட்டிலை கடுகண்ணாவை மலை ஏத்தத்திலை அது கொதிக்க, மூடியைத் திறந்து கையைச் சுட்டதும் நீங்கள்தான்.

பத்து மணிக்கு லொறி திருத்திற பியசேன பாஸ் வருவார். பம்பைக் கழட்டிப் பாக்கச் சொல்லியிருக்கிறன். அவரோடை வாதாடாதேங்கோ.

பூரணத்தையும் அவளின்ரை கைக்குழந்தையையும் இண்டைக்கு அந்த லொறியிலை கண்டிக்கு ஏத்திக்கொண்டு போக விடமாட்டன். சாவியைத் தேட வேண்டாம். என்ரை கைப்பையிலை இருக்கு.

மங்கை

பி.கு.: பள்ளிக்கூடம் போற வழியிலை பூரணத்திட்டை, உங்களுக்குக் காய்ச்சல், பயணம் நாளைக்கு எண்டு சொல்லுறன். லொறி பழுதெண்டு சொன்னால் உங்களுக்கு வெக்கமாயிருக்கும். அவள் கட்டாயம் பாக்க ஓடி வருவாள். லொறிக்குக் கீழை கிடவாமல், உள்ளுக்குப் போய்ப் போர்த்துக்கொண்டு படுங்கோ.