சீனி ஓடிப்போகவில்லை

யதுர்ஷி அப்பாவுக்கு,

நேற்று யதுர்ஷியும் கூட்டாளிகளும் அடுப்பில் மணல்சட்டி வைத்து கேக் சுட்டார்கள். கலர் கடதாசியில் தொப்பி செய்து சீனிக்கும் போட்டுவிட்டார்கள். நாய் பாதி கேக்கைத் தின்றதற்குப் பிள்ளைகளே சிரித்தார்கள். சீனி மேலே பாய்ந்து உங்கள் வெள்ளைச் சட்டையில் கரி பட்டதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

"சீனி ஓடிப்போச்சும்மா" என்று பிள்ளையிடம் எப்படிச் சொன்னீர்கள்? பக்கத்து வீட்டு அங்கம்மா அக்கா இப்போதுதான் கேட்டார்: "நாயை ஏன் மரக்கறி லொறியில ஏத்தி பூனாகலைக்கு, ஒங்க கொழுந்தன்கிட்ட அனுப்புனீங்க?"

பிள்ளைகள் விடியவே பிஸ்கட்டோடு தேயிலை மலைக்குத் தேடப் போய்விட்டார்கள். மலையெல்லாம் பனிமூட்டம். கூட்டிவரப் போகிறேன்.

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு பூனாகலைக்குப் போய் நாயைக் கொண்டுவாருங்கள். சாவியை அங்கம்மா அக்காவிடம் கொடுங்கள். நடந்ததைப் பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்.

சிவசக்தி

பஸ்ஸில் நாயை ஏற்றாவிட்டால் நடந்தே வாருங்கள்.

குடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது. சீனிக்கும் சேர்த்துப் பிடியுங்கள்.