மூன்றரை கஜக் கவுன்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

டிரங்குப் பெட்டியைக் காலி செய்யப் போவதாக அம்மா மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை. அந்த இடத்தில் எனக்கு ஒரு மேசை போட வேண்டுமாம்.

பெட்டி நிறைய அப்பா கொண்டுவந்த கட் பீஸ்தான். அப்பா துணிக்கடையில் அளந்து வெட்டிக் கொடுப்பவர். சுருளின் கடைசியில் மிஞ்சும் துண்டைக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது, வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். "ஊருக்கெல்லாம் முழுசா அளந்து குடுப்பார், வீட்டுக்கு மட்டும் முக்காத் துணி" என்பது அம்மாவின் பழைய கேலி.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. செப்டம்பரில் நான் சேரப்போகும் புதுப் பள்ளியில் சீருடை கிடையாது. என்னிடம் இருக்கும் உடைகளிலோ மணிக்கட்டும் கணுக்காலும் வெளியே எட்டிப் பார்க்கின்றன. (அண்ணன் எனக்கு வைத்திருக்கும் பெயர் கொடிக்கம்பம்.) நூலகர் கழித்துக் கொடுத்த பழைய மாத இதழ்கள் என்னிடம் இருக்கின்றனவே. அம்மா பிறப்பதற்கு முன்னால் வந்தவை. ஒவ்வொன்றின் நடுவிலும் உடை தைப்பதற்கான வரைபடம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த உடைகளை இந்தத் துணிகளில் தைத்தால் என்ன?

அம்மா சிரித்தாள். பிறகு யோசித்தாள். "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வெளிய போட்டுட்டுப் போற மாதிரி ஒண்ணே ஒண்ணு தைச்சுக் காட்டு, பெட்டி இருக்கட்டும். இல்லேன்னா மெத்தைக்காரர்கிட்ட போயிடும்."

மெத்தைக்காரரிடம் போனால் எல்லாம் கிழிபட்டுப் பஞ்சோடு பஞ்சாகிவிடும். அப்பா தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அறை முழுக்கத் துணி. கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு துணிக்கும் பக்கத்தில் ஒரு படத்தை வைத்துப் பார்க்கிறேன். வரன் பார்ப்பது இதைவிடச் சுலபமாக இருக்கும். சாம்பல் கோடு போட்டது விறைப்பு, மடிப்பு வைத்த ஸ்கர்ட்டுக்குச் சரி. ரோஜா நிறம் வழவழவென்று நழுவுகிறது, அதற்கு யாரும் சரியில்லை. காப்பி நிறத்துத் தடித்த துணி ஒன்று இருக்கிறது. அதை உடுத்தினால் சோபா நடந்து வருவதுபோல இருக்கும்.

ஆனால் அந்தப் பச்சை! கரும்பச்சையில் கடுகு கடுகாக வெள்ளைப் புள்ளி. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. அகலக் காலர், முன்னால் வரிசையாகப் பொத்தான், இடுப்பில் சுருக்கு, இரண்டு பைகள் – இதழில் அந்தக் கவுனின் பெயர் "மாலை உலா". முதல் நாள் அதைத்தான் போட்டுக்கொண்டு போகப் போகிறேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஒரே தாளில் ஏழு உடைகளின் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. புள்ளிக்கோடு ஒரு உடை, சிலுவைக்கோடு ஒரு உடை. ரயில் பாதை வரைபடம் தோற்றது. காலை முழுக்கக் குனிந்து செய்தித்தாளில் பிரதி எடுத்தேன். காலர் என்று நான் வெட்டியது பாதியில் தடம் மாறி இன்னோர் உடையின் கைக்குள் போய்விட்டது. அண்ணன் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினான். பொருத்தமாகத்தான் இருந்தது.

என் உயரத்துக்காக உடல் பகுதியை இடுப்புக்கு மேலே குறுக்காக வெட்டி, நடுவில் இரண்டு அங்குலக் காகிதம் ஒட்டினேன். இப்படிச் செய்யலாம் என்று இதழிலேயே இருக்கிறது. அந்தக் காலத்திலும் கொடிக்கம்பங்கள் இருந்திருக்கிறார்கள்!

ஆகஸ்ட் 10, சனி

எல்லாம் போயிற்று.

"மாலை உலா"வுக்கு மூன்றரை கஜம் வேண்டும். மீட்டராக மாற்றினால் கிட்டத்தட்ட மூன்றே கால் வருகிறது. பச்சைத் துணியோ இரண்டே கால் மீட்டர். மற்றத் துணிகளையும் அளந்தேன். கோடு போட்டது போதாது. நீலம் போதாது. எதுவுமே எதற்குமே போதாது! அம்மாவின் கேலி கேலியில்லை, கணக்கு.

மாலையில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் ஆன்ட்டி வந்தார். நோயாளிகளின் கண்ணில் வெயில் அடிக்கிறதாம், ஜன்னல் திரைக்கு ஏதாவது துணி கிடைக்குமா என்று கேட்டார். பச்சையை நானே எடுத்துக் கொடுத்தேன். எப்படியும் மெத்தைக்குள் போகப் போவது, ஜன்னலிலாவது இருக்கட்டும்.

அப்பாவிடம் சொன்னபோது, "நல்ல துணிதான் அது" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

படித்தேன். தூங்கினேன். பெட்டி இருக்கும் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

நான் ஒரு மடச்சி.

இதழ்களைக் கட்டி வைக்கலாம் என்று எடுத்தபோது வரைபடத்தின் கீழ் மூலையைப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் ஒரு வரி: "முப்பத்தாறு அங்குல அகலத் துணிக்கு." புத்தகத்தில் அடிக்குறிப்பைக்கூட விடாதவள் இதை எப்படி விட்டேன்? நீளத்தைப் பார்த்தேனே தவிர அகலத்தைப் பார்த்தேனா?

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோடு போட்ட துணியின் அகலம் ஐம்பத்தெட்டு அங்குலம். நீலமும் அப்படியே. பச்சையும் அப்படித்தான் இருக்கும். அந்தக் காலத்தில் துணி ஒல்லி, இப்போது குண்டு. நீளத்தில் குறைவதை அகலம் ஈடுகட்டிவிடும்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டே கால் மீட்டரில் மாலை உலா முழுசாக வந்து, கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது.

ஆனால் என் பச்சை இப்போது கீழே திரையாகத் தொங்குகிறது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அசிங்கம் என்று அம்மா சொன்னாள். தெரியும். போனேன்.

ஆன்ட்டி ஒருவரின் வாய்க்குள் கருவியோடு இருந்தார். திரையைப் பார்த்தேன். வெட்டவில்லை, மேலே மடித்து ஒரு தையல் மட்டும்தான். மூச்சு வந்தது. வாசலில் நின்றே ஐம்பத்தெட்டு அங்குலக் கதை முழுவதையும் சொன்னேன்.

"அதெல்லாம் சரிம்மா, திரையைக் கழட்டினா வெயிலுக்கு நான் என்ன பண்றது?"

நாற்காலியில் இருந்தவர் வாயை மூடாமலே "ஆ... ஆ..." என்று கையைக் கையை ஆட்டினார்.

"குடுத்துடுங்கன்னு சொல்றார்" என்றேன்.

"வலிக்குதுன்னு சொல்றார்" என்றார் ஆன்ட்டி. ஆனாலும் சிரித்துவிட்டார். "வேற ஒண்ணு தைச்சு மாட்டிட்டு இதை எடுத்துட்டுப் போ."

இரண்டு மணி நேரத்தில் காப்பி நிறத் துணி திரையாகிவிட்டது. வெயில் ஒரு பொட்டு உள்ளே வரவில்லை. சோபாத் துணிக்கும் ஒரு ஜோடி கிடைத்தது.

ஆகஸ்ட் 21, புதன்

வெட்டிவிட்டேன்! முதல் வெட்டுக்கு முன்னால் மூன்று தடவை அளந்தேன். அப்பா கதவோரம் நின்று பார்த்தார். கடையில் தினமும் எத்தனையோ மீட்டர் வெட்டுகிறவர், நான் கத்தரிக்கோலை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஒரு பையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். கைக்குட்டையை வைத்தால் காலில் விழுகிறது. பிரிக்கிறேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

முடிந்தது. போட்டுக்கொண்டு அம்மா முன்னால் நின்றேன். அம்மா முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. ஓரத்தைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தாள். கையைத் தூக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள். "கழுத்து கொஞ்சம் தூக்குது" என்றாள். இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்து காலரை அவளே அழுத்தித் தேய்த்தாள்.

பாஸா ஃபெயிலா, சொல்லவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

முதல் நாள். என் உடையைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குமே மறந்துவிட்டது. பைகளில் கை விட்டபடி நூலகத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன், பக்கத்து இருக்கைப் பெண்ணோடு சேர்ந்து சாப்பிட்டேன்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்ப சரி. சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள். பிறகு, மேசைக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள்.

செப்டம்பர் 7, சனி

கோடு போட்ட ஸ்கர்ட்டுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கடையிலிருந்து வந்தார், கக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம். அம்மா எதிரில் வந்துவிட்டதால் ஒளிக்க முடியவில்லை. அவள் வாங்கிப் பிரித்தாள். வெளிர் மஞ்சள், மெல்லிய துணி. தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"என்னங்க, இது எத்தனை அகலம்?"

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். இத்தனை வருடமாகத் துணி அளக்கிறவர், அம்மாவின் தோளில் கிடந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் நாடாவைப் பிடித்து அளந்து சொன்னேன்.