பாஸ்க் விருந்தாளிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

பிப். 12, வியாழன்

வாடைக்காற்று இன்னும் விடவில்லை. கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டு மாடியில் கிடந்தது.

இன்று வரவேண்டியவர்கள் வரவில்லை. ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் நாட்டு ஆட்கள் ஆறு பேர், கூட்டி வருகிற கோல்டோ, ஆக ஏழு. நடுவழியில் மாறவேண்டிய விமானத்தைத் தவறவிட்டார்களாம். நாளை மதியம்தான். வேன் ஓட்டும் சுடலை அண்ணாச்சி வாகைக்குளம் விமான நிலையம் வரை போய்விட்டுக் காலி வண்டியோடு திரும்பினார். "ஏழு சீட்டையும் தொடச்சு வச்சேன். காத்துதான் ஏறி வந்துச்சு" என்றார்.

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பதினேழு வருஷம் அடுத்தவன் சரக்குக்குப் பேப்பர் போட்டவள் நான். அதை விட்டு இந்தச் சுற்றுலாத் தொழில் தொடங்கி இரண்டு வருஷம். சின்னக் குழு, நாலு நாள், ஊரும் சாப்பாடும். இதுவரை சென்னை, பெங்களூர் ஆட்கள். வெளிநாட்டுக் குழு இதுதான் முதல். கோல்டோவின் கம்பெனி அவர்கள் ஊரில் இதையேதான் செய்கிறது: எட்டு பேரைக் கூட்டிக்கொண்டு மலை, மீன்பிடி ஊர், ஒயின், சாப்பாடு. இந்தியாவுக்கு முதல்முறை வருகிறார்கள். பிடித்துப்போனால் அடுத்த வருஷத்திலிருந்து தூத்துக்குடி நிரந்தரம். இல்லையென்றால் கொச்சி. கொச்சிக்கு யார்தான் போகவில்லை.

அட்டவணை முழுவதையும் ஒரு நாள் தள்ளிவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. பேப்பர் வேலையில் என்னை அசைக்க ஆள் கிடையாது.

நாளைக்கு:
- ஹோட்டலில் கொசுவர்த்தி
- மக்ரூன் கடைக்கு நினைவுபடுத்த
- தலைக்குச் சாயம் (நேரம் இருந்தால்)

பிப். 13, வெள்ளி

வந்துவிட்டார்கள். சாயத்துக்கு நேரமில்லை.

ஆறு பேரில் நாலு ஆண்கள், ஒரே சமையல் சங்கத்து ஆட்கள். அவர்கள் ஊரில் ஆண்கள் கூடிச் சமைத்துச் சாப்பிடும் சங்கம் உண்டாம். அந்தக் குசினிக்குள் பெண்கள் போவது வழக்கமில்லையாம். கேட்டதும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு தடை போட்டால் பெண்கள் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள்.

மற்றவர்களில் ஒருவர் மைத்தே. எழுபது இருக்கும். குட்டை முடி, ஆண்பிள்ளைச் செருப்பு. மீன்பிடி ஊர்க்காரி, அப்பாவுக்குப் படகு இருந்ததாம். இங்கிலீஷ் கொஞ்சம்தான். கோல்டோ மொழிபெயர்க்கிறார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். "நீங்கள் மீன் வெட்டுகிறவர் இல்லை என்கிறார்" என்றார் கோல்டோ. ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் அண்ணன் திரேஸ்புரத்தில் மீன் ஏலம் கூறுகிறவன் என்று உடனே சொன்னேன். ஏதோ சர்டிபிகேட் காட்டுவதுபோல.

அந்தோணி அண்ணன் என் தொழிலை மதிப்பதில்லை. "மீன் நாத்தத்தக் காட்டுததுக்கு டிக்கெட்டா?" என்று போன மாதமும் கேட்டான்.

இரவுச் சாப்பாடு: விளைமீன் குழம்பு, நெத்திலி வறுவல். நெத்திலித் தட்டு மூன்று முறை நிரம்பிக் காலியானது. அவர்கள் ஊரிலும் நெத்திலிக்கு ராஜமரியாதையாம். இங்கே அது பூனைக்கும் போடும் மீன் என்று நான் சொல்லவில்லை.

பிப். 14, சனி

காலை உப்பளம். உப்பு எடுக்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே ஏழு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். சங்கத்துக்காரர் ஒருவர் கல் உப்பை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார், பூசையில் நன்மை அப்பம் வாங்கியதுபோல.

பிறகு மக்ரூன். பிரான்ஸ் பக்கத்துப் பாஸ்க் ஊர் ஒன்றிலும் மக்ரூன் பேர்போனதாம், பாதாமில் செய்வார்களாம். இருக்கட்டும். நம்முடையது முந்திரி. ஆளுக்கு அரைக் கிலோ வாங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் வினை. நாளைய நிகழ்ச்சியை கோல்டோவுக்கு போனில் அனுப்பப் போனேன். "ஞாயிறு: படகுகள் கரை திரும்புதல், மீன் ஏலம்." அனுப்பியும் விட்டேன். அனுப்பிய பிறகுதான் வாசித்தேன்.

ஞாயிறு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் எவன் கடலுக்குப் போகிறான்? பூசை நாள். ஒரு வள்ளம் இறங்காது. இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு நாள் தள்ளியபோது சனிக்கிழமை ஏலம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஏலக்காரன் தங்கச்சிக்கு, பதினேழு வருஷம் பேப்பர் பார்த்தவளுக்கு, அது கண்ணில் படவில்லை. திங்கள் விடியற்காலை கன்னியாகுமரிக்குக் கிளம்புகிறார்கள். அவர்கள் விளம்பரத்தில் முதல் படமே ஏலம்தான்.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் யோசனையைச் சொன்னேன்: ஐஸ் கம்பெனியில் பெட்டி மீன் கிடக்கிறது. நாலு பெட்டியைக் கரையில் கொட்டி, பத்து ஆட்களை நிறுத்தி, ஒரு அரைமணி நேரம் ஏலம் கூறினால் போதும். வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியப்போகிறது.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏளா ஜெனி, திங்கக்கெழம இதே வாயாலதான நான் நெச மீனுக்குக் கூறணும்?"

"அரமணி நேரம்தானண்ணே. எனக்காக."

"ஒனக்காக வேற எதுன்னாலும் கேளு. கூறுதவன் வாய் ஒருக்கா பொய்யாப் போச்சுன்னா, அப்புறம் எவன் வெல கேப்பான்?"

"ஒனக்கு என் பொழப்பு கேலி. அதான் சொல்லுத."

மதினி காப்பி கொண்டுவந்தாள். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

கோபத்தோடு எழுதுகிறேன். பெரிய அரிச்சந்திரன். தங்கச்சி நடுத்தெருவில் நின்றாலும் வாய் சுத்தமாக இருக்கவேண்டும்.

நாளை சொல்லக்கூடிய காரணங்கள்:
- புயல் எச்சரிக்கை (வானம் துடைத்த மாதிரி கிடக்கிறது)
- மீனவர் வேலைநிறுத்தம்
- டீசல் தட்டுப்பாடு
- எனக்குக் காய்ச்சல்

பிப். 15, ஞாயிறு. மாலை

முதல் பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. வெளியே சுடலை அண்ணாச்சி வேனோடு நின்றார். "காத்து எச்சரிக்கைன்னு சொல்லிருங்க தங்கச்சி. அவங்க யாருக்கு போன் போட்டுக் கேக்கப்போறாங்க" என்றார். அந்தப் பொய்யை இங்கிலீஷில் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உட்காராமலே சொன்னேன். இன்று ஏலம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். நாள் தள்ளும்போது நான் கவனிக்கவில்லை, தப்பு என்னுடையது.

கோல்டோவின் முகம் சுருங்கியது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கம்பெனியில் மற்றவர்கள் கொச்சியைத்தான் கேட்டார்கள், ஏலத்தைச் சொல்லித்தான் இந்த ஊருக்குச் சம்மதம் வாங்கினேன் என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மேஜையிலிருந்து மைத்தே ஏதோ கேட்டார். "ஒரு படகுகூடவா போகாது?" என்று கோல்டோ மொழிபெயர்த்தார்.

"ஒன்றுகூட."

"அதைப் பார்க்கவேண்டுமாம்."

எதைப் பார்ப்பது? போகாத படகையா? ஆனாலும் கூட்டிப்போனேன்.

திரேஸ்புரம் கரை. அத்தனை வள்ளமும் கட்டிக் கிடந்தன, ஒன்று விடாமல். வலைகள் மடித்தபடி. பையன்கள் வள்ளத்துக்கு வள்ளம் தாவி விளையாடினார்கள். பூசை முடிந்த ஆட்கள் வெள்ளைச் சட்டையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரையை நான் இப்படி நின்று பார்த்ததே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன். இன்று மைத்தே பக்கத்தில் நின்றபோது நெஞ்சு நிமிர்ந்துபோனது, நானே ஒவ்வொரு வள்ளத்தையும் இழுத்துக் கட்டியதுபோல.

மைத்தே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தார். திரும்பி வந்து சொன்னது: அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் துறையிலும் ஞாயிறு கடல் கிடையாது. பிறகு ஒருவன் போனான். அவனுக்கு நல்ல விலை. அடுத்த வாரம் நாலு பேர், அப்புறம் எல்லாரும். "இங்கே அந்த ஒருவன் இல்லையா?"

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான், தோய்த்த சட்டை, தலையில் எண்ணெய். நேற்றைய சண்டையின் சாயலே முகத்தில் இல்லை. கேள்வியை அவனிடம் சொன்னேன்.

"இருந்தான். அவனக் கூப்பிட்டுப் பேசி வச்சிருக்கோம்னு சொல்லு" என்றான்.

மொழிபெயர்த்ததும் சங்கத்துக்காரர்கள் நாலு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மைத்தே சிரிக்கவில்லை. அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார், வெகுநேரம். அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வா ஏளா. வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்க" என்றான்.

மதினிக்கு மூச்சு நின்றுவிட்டது. வீட்டில் ஒரு கிலோ மட்டன், வந்து நிற்பது ஏழு பேர். மாலைக் குழம்புக்கென்று காலையிலேயே ஊறப்போட்ட சீலாக் கருவாடு இருந்தது. அதைப் பார்த்ததும் சங்கத்துக்காரர்கள் முகம் மலர்ந்தது. உப்பிட்ட மீன் அவர்களுக்கும் உயிராம், மீன் கிடைக்காத நாளில் அதுதான் கதியாம். நாங்கள் சமைக்கிறோம் என்றார்கள். மதினியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நாலு ஆண்களும் குசினிக்குள் போய்விட்டார்கள். மதினி நாற்காலி நுனியில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தாள். "என் அஞ்சறப்பெட்டிய எவனோ தெறக்கான்" என்றாள்.

பூண்டு, மிளகாய் வற்றல், எண்ணெய், கருவாடு. அடுப்பில் சட்டியை வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆட்ட ஆட்ட எண்ணெய் வெள்ளையாகிக் கெட்டிப்படும் என்றார்கள். அரைமணி நேரம், ஆள் மாற்றி ஆள். எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. வேறு மீன், வேறு எண்ணெய், என்ன செய்யும் பாவம். மதினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்துபோய், ஒரு முறித் தேங்காய் துருவி, பால் பிழிந்து சட்டியில் ஊற்றினாள். கெட்டிப்பட்டது. அவர்கள் சங்கத்தின் சட்டம் அங்கேயே முடிந்தது.

சாப்பாடு: மட்டன், கருவாடு (பாஸ்க்கா தூத்துக்குடியா, பேர் தெரியாது), சோறு, அப்பளம். கோல்டோ ஊரிலிருந்து கொண்டுவந்த தங்கள் கடற்கரை வெள்ளை ஒயினைத் தலைக்கு மேலே தூக்கிக் கீழே டம்ளருக்கு ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "டீ ஆத்துததுக்கு ஆள் வந்தாச்சு" என்றான் அண்ணன். குடித்துவிட்டு, "புளிக்கு" என்றான், மரியாதையாக. மதினி கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை ஒயின் ஜாடியில் மிச்சம் இருந்தது. மைத்தே மூன்று தரம் கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டதும் அவர்களுக்குள் அவர்கள் மொழியில் பேச்சு. கையைத் தூக்கினார்கள். ஓட்டுப் போடுகிறார்களாம். முடிவு: கன்னியாகுமரி வேண்டாம். சூரிய உதயம் எங்கேயும் உண்டு. நாளை இங்கேயே இருந்து ஏலம் பார்க்கவேண்டும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. ஹோட்டலுக்கு போன் போடுகிற சாக்கில் வாசலுக்குப் போய்விட்டேன். அண்ணன் பின்னாலேயே வந்தான்.

"நேத்து காப்பி ஆறிப்போச்சுன்னு ஒம் மதினி ஒரே பொலம்பல்" என்றான். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் சமாதானம் இப்படித்தான்.

பிப். 16, திங்கள்

காற்று அடங்கிவிட்டது. இரவே போன வள்ளங்கள் பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாகத் திரும்பின. சீலா, பாறை, ஊளி, கணவாய்.

அண்ணன் ஏலம் கூறினான். கூறும்போது நாங்கள் நின்ற பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எங்களுக்கென்று குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. எத்தனையோ தரம் கேட்ட குரல்தான். இவன் என் அண்ணன், இவன் என் அண்ணன் என்று கோல்டோவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன். தெரியும் என்றார்.

மைத்தே குவியல் குவியலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஓரத்தில் வியாபாரி ஒருவரின் ஐஸ் பெட்டி. அதிலிருந்து ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாள். வியாபாரியும் ஒத்துக்கொண்டார். எனக்கு ஐஸ் கம்பெனிப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. அந்த நேரம் பார்த்து அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

கணவாயில் ஒரு பங்கு மைத்தேக்கு வாங்கினேன். மையைக் கொட்டாமல் வேண்டுமாம், மையிலேயே சமைப்பார்களாம். கரையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது.

ஏலம் முடிந்து டீக்கடை, அண்ணனும் கூட. கோல்டோ நோட்டைத் திறந்தார். அடுத்த வருஷத்துக்கு மூன்று குழு அனுப்பலாமா என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அனுப்புங்கள், இனி ஞாயிறு நடுவில் விழாமல் நானே நாள் பார்த்துத் தருகிறேன் என்றேன்.

இல்லை, மூன்று குழுவுக்கும் ஞாயிறு வேண்டும் என்றார். நோட்டில் ஒவ்வொரு நாளாக எழுதிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றார். அன்றைக்கு நிகழ்ச்சி என்று என்ன போடுவது? ஏலம் இல்லை, படகு இல்லை, மீன் இல்லை. அண்ணனிடம் கேட்டேன்.

அவன் டீயைக் குடித்து முடித்தான்.

"சோறு உண்டுன்னு எழுதிக்கிடச் சொல்லு" என்றான்.