அக்காவின் மூக்கு

மார்ச் 4, செவ்வாய்
குழந்தைக்கு மறுபடியும் காய்ச்சல். நூற்றிரண்டு. இரண்டு மாதத்தில் இது நான்காவது தடவை. சளி இல்லை, இருமல் இல்லை. மருந்து கொடுத்தால் மூன்றாம் நாள் இறங்குகிறது. இரண்டு வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறது. "பல் முளைக்குதும்மா" என்கிறார் டாக்டர். நான்கு தடவையாக முளைக்கிற அந்தப் பல் எங்கே? எட்டு மாதக் குழந்தை, எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்?

மார்ச் 5
இவருடைய அக்கா ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். பெரிய ஹோட்டலின் லாண்டரியில் இருபது வருஷ வேலை. எதை எடுத்தாலும் முதலில் மூக்குக்குத்தான் போகும் – துண்டு, தலையணை உறை, நான் மடித்து வைத்த சட்டை கூட. "அக்கா, நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கலாம். நாய்ச் செலவு மிச்சம்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

வந்ததும் டயப்பரைக் கழற்றிவிட்டார். "இந்த சென்ட் வாசனைல எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. துணி கட்டு." அலசிக் காயப்போட யாருக்குக் கை ஒழிகிறது? எரிச்சலாக வந்தது. நான் முனகி முடிப்பதற்குள் பழைய படுக்கை விரிப்பு பதினெட்டுத் துண்டாகிவிட்டது. ஓரம் கூட மடித்துத் தைத்துவிட்டார்.

மார்ச் 6
இறங்கவில்லை. அக்கா மடியில் மட்டும் தூங்குகிறாள். என் மடியில் என் பயம் தெரிகிறதோ?

மார்ச் 7, வெள்ளி
காலையில் அக்கா ஈரத்துணியை நீட்டினார். "மோந்து பாரு." முகத்தைச் சுளித்தேன். மூத்திரம் பின்னே எப்படி இருக்கும்?

"இல்ல. இது கெட்டுப்போன வாசனை. முந்தாநாள்லேர்ந்து ஒவ்வொரு துணியும் இப்படித்தான் இருக்கு. போறப்ப உடம்பை முறுக்குறா, பாத்தியா?"

பார்க்கவில்லை. இரண்டு மாதமாக டயப்பரைச் சுருட்டிச் சுருட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். சேதியும் அதோடு போயிருக்கிறது – என்ன அம்மா நான்?

டாக்டரிடம் அக்காவே சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சிறுநீர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 8
சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். குழந்தையைக் கழுவித் துடைத்து நான் தூக்கிப் பிடிக்க, அக்கா முட்டிபோட்டு, கையில் குப்பியோடு ஐம்பது நிமிஷம். நர்ஸ் சொன்னபடி ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவினோம். இவர் சத்தத்துக்காகக் குழாயைத் திறந்துவிட்டார். அவசரமாகப் போகவேண்டி வந்தது இவருக்குத்தான். அக்கா கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. "வந்துடுச்சு, என் ராசாத்தி" என்றபோது குரல் உடைந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட மனுஷி!

மார்ச் 11
சிறுநீரில் கிருமி. "இன்னும் விட்டிருந்தா சிறுநீரகத்துல போய்த் தழும்பாயிருக்கும். நான்தான் முன்னாடியே பாத்திருக்கணும்" என்றார் டாக்டர். யார் கவனித்தது என்று கேட்டார். நானும் இவரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா டாக்டர் அறைப் படுக்கையின் விரிப்பை முகர்ந்துகொண்டிருந்தார்.

மார்ச் 12
போலீஸ் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். "எப்பச் சொன்ன?" என்கிறார்.

மார்ச் 27
ஸ்கேனில் சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. காய்ச்சல் வரவேண்டிய வாரமும் போய்விட்டது. இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்
பிரசவத்துக்கு முன் பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு இன்று திரும்பினேன். பகலில் குழந்தையைப் பார்க்க அக்கா மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். நான் கேட்கவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அவரிடமிருந்து போன். "காய்ச்சலா அக்கா?"

"அதெல்லாம் இல்ல. நாலு துணி மாத்திட்டேன். ஒண்ணுலயும் வாசனை இல்ல. நீ வேலையைப் பாரு." வைத்துவிட்டார்.

எதிரே ஒரு பெரியவர் புதுக் கண்ணாடிக்காகக் காத்திருந்தார். அதைத் துடைத்துக் கொடுக்க எடுத்தேன். முதலில் என் கண்ணைத்தான் துடைக்க வேண்டியிருந்தது.