கட்டைவிரல் எட்டும் இடம்

ஹைமா,

நீயும் பிள்ளையும் அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. ராய்ப்பூருக்கு லாரி கிளம்புகிறது. சோறும், கெட்டிப் பருப்பாக முத்தப்பப்பும் அடுப்பு மேடையில் இருக்கின்றன, நெய் ஊற்றிச் சாப்பிடு. அனகாபள்ளியிலிருந்து உன் அம்மா மதியம் வந்துவிடுவார். கதவைப் பூட்டிச் சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போகிறேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு போன் பண்ண முடியாதா?" என்று போன தடவை லாரியிலிருந்து திரும்பிய அன்று கத்தினேன். "ஒரு கையில பிள்ளை. இன்னொரு கையில இவ்ளோ பெரிய போன். கட்டைவிரல் எட்டினாத்தானே?" என்றாய். அதன்பிறகு நீ என்னோடு பேசவில்லை.

உன் போனை மாற்றி வைத்திருக்கிறேன், கோபப்படாதே. கீபோர்டு வலப்பக்க ஓரமாக ஒதுங்கி வரும். திரையின் அடியில் விரலைக் கீழே இழுத்தால் மேலே இருப்பதெல்லாம் பாதிக்கு இறங்கிவிடும். தலையணையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நானே செய்து பார்த்தேன், பிள்ளையை இறக்க வேண்டியதில்லை.

கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் மூலையில் உன் அம்மா பெயர் இருக்கிறது. அதற்கு மேலே டாக்டர்.

நூகராஜு

மருந்து பிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

என் பெயரையும் அந்த மூலையில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். எங்கே வைப்பதென்று நீயே பார்த்துக்கொள்.