அர்ச்சனையில் சொன்ன பெயர்

சசி,

இப்போதுதான் கண்ணயர்ந்தாய், எழுப்பவில்லை. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. இன்றாவது சாப்பிடு. தன்ஷிகாவை ஐயங்கார்குளம் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன்.

போன ஞாயிறு அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டதும் பழக்கத்தில் நம் நாலு பேரையும் சொல்லிவிட்டேன். அவர் "சர்வேஷ், பூரட்டாதி" என்றதும் நீ அழுதுகொண்டே வெளியே போனாய். அதிலிருந்து பேச்சில்லை. வேண்டுமென்று சொல்லவில்லை, சசி. பிள்ளை இல்லை என்பது என் வாய்க்கு இன்னும் பழகவில்லை.

இனி மூன்று பெயர்தான் என்று தன்ஷிகாவிடம் சொன்னேன். "பேரு சொல்லலன்னா, அங்க கீற தம்பி நம்ம வூட்டுப் புள்ளன்னு சாமிக்கு எப்டி நைனா தெரியும்?" என்கிறாள்.

பி.கு.: பஸ்ஸில் போகிறோம். ஸ்கூட்டி சாவி ஆணியில் இருக்கிறது. குளத்துப் படியில் காத்திருப்போம். இந்தமுறை பெயர்களை நீ சொல்.